ஒன்பது இணைப்புகள்

ஜூலை 6

உலைக்காரருக்கு,

போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் சண்டை வருகிறது என்று கண்டுபிடித்தது நீங்கள்தான். "இனிமே லெட்டர் போடு. கோபம் வந்தா கிழிச்சுப் போட்டுட்டு வேற எழுதலாம்" என்று சொன்னதும் நீங்கள்தான். சொல்லிவிட்டுக் கடைசியில், "அப்ப அங்கேயே இரு" என்று ஒரு குத்துக் குத்திவிட்டுப் போனை வைத்தீர்கள். இதோ, அங்கேயே இருந்துகொண்டுதான் எழுதுகிறேன். இது மூன்றாவது தாள். முதல் இரண்டையும் கிழித்தாயிற்று.

நான் என்ன ஆசைப்பட்டா இங்கே கிடக்கிறேன்? தகரக் கொட்டகையில் ஓர் அறை. ஜன்னலைத் திறந்தால் கிரேனின் கால்தான் தெரியும். துவைத்துக் காயப்போட்ட துணியை உதறினால் இரும்புத்தூள் கொட்டுகிறது. கல்யாணமாகி ஆறு வருஷம், நாம் ஒரே கூரைக்குக் கீழே இருந்த நாட்களைக் கூட்டினால் பதினாலு மாதம் தேறவில்லை. இதையெல்லாம் உட்கார்ந்து கூட்டினாயா என்று உங்களுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வரட்டும்.

பிப்ரவரியில் பாலத்தின் கடைசி இரும்பு கர்டர் தூண் மேல் ஏறும். மறுநாள் நான் வண்டி ஏறுவேன். உங்கள் ஊர் டெஸ்ட் லேபில் எனக்கு ஓர் இடம் கேட்டு வைத்திருக்கிறேன், தருகிறோம் என்றிருக்கிறார்கள். ஆனால் அதுவரை இந்தப் பாலத்தின் ஒவ்வொரு வெல்டையும் நான் கருவி வைத்துப் பார்த்து முத்திரை குத்தியாக வேண்டும். முத்திரை என் பேரில் இருக்கிறது. அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு ஓடி வர முடியாது. இதைத்தான் அன்றைக்குச் சொல்ல வந்தேன், நீங்கள் விடவில்லை.

உங்கள் மில்லிலிருந்து முதல் லாரிகள் வந்து இறங்கிவிட்டன. புது இரும்பு, புது இரும்பு என்று எல்லோரும் அதைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

முத்திரைக்காரி


ஜூலை 15

முத்திரைக்காரிக்கு,

கடிதம் கிடைத்தது. கோபம் எதுவும் இல்லை.

பிளேட்டுகள் சேதமில்லாமல் வந்ததில் சந்தோஷம். கிரேன்காரரிடம் சொல்லி, ஓரத்தில் சங்கிலி உரசாமல் தூக்கச் சொல். இது பழைய இரும்பு மாதிரி முரட்டு வேலைக்குச் செய்ததில்லை. பழையதாக இருந்தால் உங்கள் கர்டரின் அடிப்பட்டை அறுபது மில்லிமீட்டர் கனம் வேண்டும். இது நாற்பதில் நிற்கும். பாலத்தின் எடையில் கால்வாசி குறைந்ததால்தான் ஆற்றுக்குள் இரண்டு தூண் மிச்சம்.

வலுவைக் கூட்டினால் இரும்பு சட்டென்று உடைகிற குணமும் கூடும், அதுதான் காலங்காலமாக இருந்த தொல்லை. இதில் கரியைக் குறைத்து, தொள்ளாயிரம் டிகிரிக்கு ஏற்றி, தண்ணீரை அடித்து ஒரே மூச்சில் குளிர்வித்து, மறுபடி மிதமாகச் சூடு காட்டுகிறோம். வலுவும் இருக்கும், வளைந்தும் கொடுக்கும். லேபில் நம் சுத்தியல்காரர் ஒரு துண்டைப் பனிக்கட்டியைவிட நாற்பது டிகிரி கீழே குளிரவைத்து அடித்துப் பார்த்தார். "இது உடையறதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிடுவேன்" என்கிறார்.

பெயின்ட் அடிக்கத் துடிப்பார்கள், விடாதே. முதலில் பிடிக்கிற துருவே கெட்டியாகப் படிந்து உள்ளே இருப்பதைக் காக்கும். முதல் வருஷம் பார்க்க அசிங்கமாக இருக்கும், பிறகு நல்ல காப்பிக்கொட்டை நிறம் வந்துவிடும். வெல்ட் செய்யும் முன் காட்டுகிற சூடும் பழையதில் பாதி போதும். வெல்டிங் ராடில் மட்டும் ஈரம் ஏறக் கூடாது. அதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே எல்லாம் வழக்கம்போல. சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, ஆளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

உலைக்காரன்


ஆகஸ்ட் 2

உலைக்காரருக்கு,

இது லெட்டரா, டெஸ்ட் சர்டிபிகேட்டா? கீழே ஒரு சீல் குத்தி ஃபைலில் சொருகிவிடலாமா என்று பார்த்தேன்.

எங்கள் மூத்த வெல்டர் இருக்கிறாரே, வாயைத் திறந்தால் பொறி பறக்கும் என்று எல்லோரும் மத்தாப்பு என்று கூப்பிடுவோம், அவர் நான் படிப்பதைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, வீட்டுக்காரர் உருகி உருகி எழுதியிருக்காரா?" என்று கேட்டார். "குழாய் உருகி உருகி ஒழுகுதாம்ணே" என்றேன். மனுஷன் சிரித்த சிரிப்பில் முகமூடி கழன்று விழுந்தது. நானும் சிரித்தேன். அறைக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

இரும்பு வளைந்து கொடுக்கிறதாம். நீங்கள் எப்போது வளைந்து கொடுப்பதாக உத்தேசம்?

நான் எப்படி இருக்கிறேன் தெரியுமா? உங்கள் மில் பிளேட்டின் மூலையில் பேட்ச் நம்பரும் ஷிஃப்ட் எழுத்தும் அடித்து வருகிறதே, கர்டர் கர்டராக அதைத் தேடிக்கொண்டு திரிகிறேன். உங்கள் ஷிஃப்ட் எழுத்து கிடைத்தால் அன்றைக்கு எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். இது பகல் ஷிஃப்ட், அப்படியானால் மதியம் கேன்டீனில் சாப்பிட்டிருப்பார், இது காலை ஷிஃப்ட், வெறும் வயிற்றோடு ஓடியிருப்பார் என்று நினைத்துக்கொண்டு அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நிற்பேன். யாராவது வந்தால் சோதனை செய்கிற மாதிரி ஒரு தட்டு. என் புருஷனைப் பற்றி எனக்கு வருகிற சேதி இவ்வளவுதான், அதுவும் இரும்பில்.

ஒரே ஒரு கேள்வி. என்னை நினைக்கிறீர்களா? ஆமாம், இல்லை என்றாவது எழுதுங்கள்.

முத்திரைக்காரி


ஆகஸ்ட் 13

முத்திரைக்காரிக்கு,

ஆமாம்.

கேட்டதற்குப் பதில் எழுதியாயிற்று, இத்தோடு முடித்துவிடலாம் என்றுதான் தாளை உறையில் போட்டேன். பிறகு எடுத்துவிட்டேன். எனக்கு எழுத வராது என்று தெரிந்தே வம்பு செய்கிறாய்.

வாசலில் உன் பட்டை அறுந்த செருப்பு கிடக்கிறது, போன தடவை விட்டுப் போனது. பெருக்க வருகிற அம்மா அதை ஓரமாகத் தள்ளிவிட்டுப் போவார். நான் எடுத்து என் செருப்புக்குப் பக்கத்தில் வைப்பேன். தினமும் இதே வேலை. ஒரு நாள் அந்த அம்மா, "அறுந்ததுதானே சார், தூக்கிப் போட்டுரவா?" என்று கேட்டார். நான் கத்திய கத்தில் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டார். அப்புறம் போய் மன்னிப்புக் கேட்டேன். "அம்மா எப்ப சார் வருவாங்க?" என்று மட்டும் கேட்டார்.

கட்டிலில் இன்னமும் சுவர்ப் பக்கம்தான் படுக்கிறேன். மொத்தக் கட்டிலும் காலியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் நடுவுக்கு வர மனசு வரவில்லை. டீ போட்டால் இரண்டு டம்ளர் தண்ணீர் வைத்துவிடுகிறேன். இரண்டையும் நானே குடித்துவிடுவேன், வீணாக்க வேண்டாம் என்று.

உன் பாலத்துக்கு இதுவரை இருநூற்றுப் பன்னிரண்டு பிளேட் அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் உன் கை படும். லாரி கேட்டைத் தாண்டும்போது நின்று பார்ப்பேன். வெறும் இரும்பைப் பார்த்துப் பொறாமைப்படுகிற நிலைமைக்கு வந்துவிட்டேன், போதுமா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை உலையில் ஒரு பர்னர் கெட்டுப்போய், நாள் முழுக்க அதோடு மல்லுக்கட்டினேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கை கழுவும்போதுதான் உறைத்தது. காலையிலிருந்து உன்னை ஒரு தடவைகூட நினைக்கவில்லை. முழுசாக ஒரு நாள். வலிக்கவும் இல்லை. கையைத் துடைக்காமல் அப்படியே கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். நீ சண்டை போட்டால் தாங்குவேன், வர ஆறு மாதம் ஆகும் என்றாலும் தாங்குவேன். நீ இல்லாமல் இருப்பது எனக்குப் பழகிவிடுமோ என்றுதான் பயமாக இருக்கிறது. அன்றைக்குப் போனில் அப்படிக் கத்தினதற்கும் இந்தப் பயம்தான் காரணம். அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் "அங்கேயே இரு" என்று சொல்லிவிட்டேன்.

அங்கேயே இருக்காதே. முடித்துவிட்டு வந்துவிடு.

இதை ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புகிறேன். இன்னொரு தடவை என்னால் எழுத முடியாது.

உலைக்காரன்


ஆகஸ்ட் 22

என்னங்க,

பட்டப்பெயர் சொல்லி எழுத இன்றைக்கு மனசு வரவில்லை.

பத்தொன்பதாம் தேதி உங்கள் கடிதம் வந்தது. அன்றைக்கென்று வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. கேட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கி, சட்டைக்குள் சொருகிக்கொண்டு ஓடி வருவதற்குள் உறையோடு ஊறிப்போய், ஐந்து தாளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. மேல் தாளில் "ஆமாம்" என்பது மட்டும் தெரிகிறது. மீதியைப் பிரித்தால் கிழியும். எப்படியோ உலர்த்தி, சாயங்காலம் தாள் தாளாகப் பிரித்து, நின்றபடியே நாலு தடவை படித்தேன்.

மத்தாப்பு அண்ணன், "என்னம்மா, கண்ணு செவந்திருக்கு, வெல்டிங் வெளிச்சத்தைப் பாத்துட்டியா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

எனக்கும் அப்படி ஒரு நாள் வந்திருக்கிறது. நான் உங்களிடம் சொல்லவில்லை, அழவும் இல்லை. நீங்கள் அழுதீர்கள். ஆறு வருஷத்தில் உங்களை இன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்த மாதிரி இருக்கிறது. கட்டிலில் நடுவில் படுக்காதீர்கள். என் இடம் அப்படியே இருக்கட்டும், வந்து எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள்
நான்


ஆகஸ்ட் 27

என்னங்க,

இதை எழுத வேண்டியிருக்கும் என்று நினைக்கவே இல்லை.

இந்த இரும்பில் வெல்ட் செய்த உடனே விரிசல் தெரியாது, இரண்டு நாள் கழித்துத்தான் உள்ளுக்குள் பிளக்கும். அதனால் நாற்பத்தெட்டு மணி நேரம் காத்திருந்து, ஒலி அனுப்புகிற கருவியை வைத்துப் பார்ப்பேன். போன வாரம் போட்ட இணைப்புகளில் ஒன்பதில் விரிசல். தலைமுடி அளவுதான், ஆனால் ஒன்பதிலும் இருக்கிறது. கருவியை மாற்றி இன்னொரு தடவை பார்த்தேன்.

ஒன்பதும் ஒரே பேட்ச் பிளேட். மூலையில் உங்கள் ஷிஃப்ட் எழுத்து.

பிளேட்டில் கோளாறு இருக்கலாம் என்று அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டேன். உங்களைக் கேட்டுவிட்டு எழுதியிருக்கலாம் என்பீர்கள். எப்படிக் கேட்பது? என் புருஷன் கை பட்ட இரும்பு என்பதற்காக ஒரு நாள் கூட தாமதித்தேன் என்று இருக்கக் கூடாது. பாலத்தின் மேல் ஜனங்கள் போவார்கள்.

பேட்ச் முழுக்கக் கழித்துவிட்டால் புதிதாக உருட்டி வரவேண்டும். பிப்ரவரி என்பது அடுத்த வருஷக் கடைசிக்குப் போய்விடும். இதை எழுதும்போதே எனக்கு அழுகை வருகிறது.

பதில் போடுங்கள். திட்டியாவது போடுங்கள்.


செப்டம்பர் 5

இன்ஸ்பெக்டர் அவர்களுக்கு,

உங்கள் அறிக்கை மில்லுக்கு வந்து சேர்ந்தது, உங்கள் கடிதத்துக்கு இரண்டு நாள் முன்பே. மேனேஜர் அறையில் நிற்கவைத்துப் படித்துக் காட்டினார்கள். விசாரணை முடியும் வரை உலைப் பக்கம் போகக் கூடாது என்று உத்தரவு. கேட் ஆபீசில் ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். வருகிற லாரி நம்பரை எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பத்தொன்பது வருஷ வேலை. என்னிடம் வேலை கற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு என்னைத் தாண்டிப் போகிறார்கள்.

அறிக்கை எழுதியது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். நீ அப்படித்தான் எழுதுவாய், எழுதவும் வேண்டும். ஆனால் அந்தக் காகிதத்தில் உன் கையெழுத்தைப் பார்த்தபோது எனக்கு எப்படி இருந்தது என்று கேட்காதே.

அந்த பேட்ச்சிலிருந்து எடுத்து வைத்த துண்டுகளை மறுபடி சோதித்தார்கள். சுத்தியல்காரர் மூன்று நாளாக அடித்துக்கொண்டிருக்கிறார், ஒரு குறையும் கிடைக்கவில்லை. அதனால் ஒன்று கேட்கிறேன். அந்த பேட்ச்சில் மொத்தம் இருபத்துநாலு பிளேட். மற்றவை அங்கே எந்தத் தேதியில் வெல்ட் ஆயின? அவற்றில் விரிசல் உண்டா? பிளேட் நம்பரைப் பார்த்தது போதும், தேதியைப் பார்.

வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.


செப்டம்பர் 14

என்னங்க,

தேதியைப் பார்த்தேன். உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

அதே பேட்ச்சில் இன்னும் பன்னிரண்டு இணைப்புகள் அடுத்த வாரம் போட்டவை. ஒன்றில்கூட விரிசல் இல்லை. விரிசல் விட்ட ஒன்பதும் ஆகஸ்ட் பத்தொன்பது பிற்பகலிலும் இருபதிலும் போட்டவை. ஒன்பதுக்கும் ராடு ஒரே ஓவனிலிருந்து போயிருக்கிறது. அந்த ஓவன் என் பொறுப்பு. ராடு ஈரம் குடித்தால் வெல்ட் உள்ளுக்குள் பிளக்கும், குடிக்காமல் இருக்க நூற்றிருபது டிகிரியில் மூடி வைத்திருப்போம், நான்தான் மதியமும் மாலையும் சூட்டைப் பார்த்து நோட்டில் எழுதுவேன்.

பத்தொன்பதாம் தேதி மதியம் அந்த ஓவனில்தான் உங்கள் கடிதத்தை உலர வைத்தேன்.

மேல் தட்டில் ராடு அடுக்கின் மேல் ஐந்து தாளையும் பரப்பினேன். மூடினால் கருகிவிடுமோ என்று கதவிடுக்கில் என் கையுறையை மடித்து வைத்து, ஒரு விரல்கடை திறந்து விட்டேன். பத்து நிமிடத்தில் எடுத்துவிடலாம் என்று இருந்தேன். அதற்குள் மேலே கர்டரில் ஏதோ பிரச்சினை என்று கூப்பிட்டார்கள். போனேன். திரும்பி வரும்போது மணி ஐந்து. வெளியே அடைமழை, காற்றைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். அத்தனை ஈரமும் ஐந்து மணி நேரம் அந்த ஓவனுக்குள் போயிருக்கிறது. நடுவில் வெல்டர்கள் வந்து கீழ்த் தட்டுகளிலிருந்து ராடு எடுத்துப் போயிருக்கிறார்கள், மறுநாளும் எடுத்தார்கள். நான் தாள்களை எடுத்துக்கொண்டு, கதவை மூடிவிட்டுப் படிக்கப் போய்விட்டேன்.

இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. நோட்டில் மதியம் நூற்றிருபது, மாலை நூற்றிருபது என்று என் கையெழுத்தில் இருக்கிறது. சூடு காட்டும் முள்ளைப் பார்க்காமலேயே பழக்க தோஷத்தில் எழுதியிருக்கிறேன். கையெழுத்தும் போட்டிருக்கிறேன். ஊரார் வேலையில் தலைமுடி அளவு விரிசல் தேடுகிறவள் நான்.

உங்களை ஸ்டூலில் உட்கார வைத்தது உங்கள் இரும்பு இல்லை, நான்தான். இன்று காலை தலைமை இன்ஜினீயரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கக்கூட வாய் வரவில்லை.


செப்டம்பர் 23

ஏய் மடச்சி,

ஓவனிலா வைப்பாய்? லெட்டரையா? அதுவும் கதவைத் திறந்து? முதல் நாள் படித்தபோது கையில் கிடைத்ததைத் தூக்கி அடித்தேன், டம்ளர் நசுங்கிப்போனது. இரண்டாம் நாள் மறுபடி படித்தேன். மூன்றாம் நாள் உன்மேல் கோபத்தை இழுத்து இழுத்துப் பிடித்துப் பார்த்தேன், நிற்கவில்லை. நான் எழுதின ஐந்து தாளுக்காக ஒருத்தி வேலையை மறந்தாள் என்றால் அவள்மேல் எப்படிக் கோபப்படுவது?

ஆனால் இப்போது வேறு சிக்கல். உன் வாக்குமூலம் மில்லுக்கு வந்தது. மேனேஜர் படித்துவிட்டுச் சிரித்தார். "உங்க வீட்டம்மா உங்களைக் காப்பாத்தப் பாக்கறாங்க. எந்த இன்ஸ்பெக்டராவது ராடு ஓவன்ல லெட்டர் காய வைப்பாங்களா? கொஞ்சம் நம்பற மாதிரி சொல்லச் சொல்லுங்க" என்கிறார். அங்கேயும் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்களாம். புருஷனுக்காகப் பெண்டாட்டி பழியைத் தூக்கித் தலையில் போட்டுக்கொள்கிறாள் என்று. ஐந்து பேர் கொண்ட குழு வரப்போகிறது, ஆதாரம் கேட்பார்கள்.

ஓவன் நோட்டைக் கொடு, மத்தாப்பை சாட்சிக்குக் கூப்பிடு. என்ன வேண்டுமானாலும் செய். அந்தக் கடிதத்தை மட்டும் கொடுக்காதே. அதில் நான் அழுததை எழுதியிருக்கிறேன். ஐந்து இன்ஜினீயர்கள் அதைப் படித்தால் நான் அப்புறம் எந்த முகத்தோடு மில்லுக்குள் நடப்பேன்? ஸ்டூலில் உட்கார்ந்தாலும் பரவாயில்லை.

உலைக்காரன்


அக்டோபர் 8

என்னங்க,

கொடுத்துவிட்டேன்.

திட்டுவதற்கு முன்னால் நடந்ததைக் கேளுங்கள். நோட்டில் நூற்றிருபது என்றுதானே இருக்கிறது, அது எனக்கு எதிர்சாட்சி. மத்தாப்பு அண்ணன், "கதவு தொறந்திருந்த மாதிரிதான் ஞாபகம்" என்றார். அதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. குழுவின் தலைவர் ஒரு அம்மா, சிரித்தே பார்த்ததில்லை என்பார்கள். "நீங்க ரெண்டு பேரும் புருஷன் பெண்டாட்டி. வாய்ச்சொல்லை வச்சு என்னால எழுத முடியாது. அந்தக் கடிதம் இருக்கா, இல்லையா?" என்றார். இல்லை என்று சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் பிளேட் மேல்தான் பழி போயிருக்கும். ஏற்கெனவே ஒரு பொய்யில் கையெழுத்துப் போட்டவள், இன்னொன்று போட முடியவில்லை. பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன்.

தாள்களின் பின்பக்கம் ராடு அடுக்கின் தடம் வரி வரியாக இருக்கிறது. ராடு மேல்பூச்சின் சாம்பல் தூளும் ஒட்டியிருக்கிறது. அதைச் சுரண்டி லேபுக்கு அனுப்பினார்கள், அதே தூள்தான். தபால் ரசீதில் பத்தொன்பதாம் தேதி. என் கையுறையையே மடித்து வைத்து, தண்ணீர் தெளித்துக் காற்றை ஈரமாக்கி, ஐந்து மணி நேரம் ஓவனைத் திறந்து வைத்துப் பார்த்தார்கள். அந்த ராடில் போட்ட வெல்ட் இரண்டாம் நாள் பிளந்தது.

அதோடு விட்டிருக்கலாம். ஒருவர், "ஒரு இன்ஸ்பெக்டர் வேலையை மறக்கற அளவுக்கு அதுல என்னதான் இருக்கு?" என்று கேட்டார். அந்த அம்மா தாள்களைத் திருப்பினார். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன், உடம்பெல்லாம் கூசியது. ஐந்து தாளையும் படித்தார். அவசரமே படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர் கையை நீட்டினார், தரவில்லை. மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார். "இவர் கையெழுத்து மோசம். மத்தபடி எனக்குப் புரியுது" என்றார். ஆக, படித்தது ஒருவர்தான். அவருக்கும் வீட்டுக்காரர் எங்கோ தொலைவில் கப்பலில் வேலை என்று பிறகு தெரிந்தது.

தீர்ப்பு இது. பிளேட்டில் குறை இல்லை, நீங்கள் உலைக்குத் திரும்பலாம். பார்க்காமல் எழுதியதற்காக என் முத்திரை ஒரு வருஷத்துக்குப் பறிமுதல். ஒன்பது இணைப்புகளையும் குடைந்து எடுத்துவிட்டு மறுபடி போட வேண்டும், பாலம் மே மாதம் முடியும்.

முத்திரை இல்லாதவளுக்கு இங்கே வேலை இல்லை. இன்றைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு வரலாம், யாரும் பிடித்து வைக்கவில்லை. ஆறு வருஷமாகக் கேட்டது கையில் இருக்கிறது. ஆனால் நான் தலைமை இன்ஜினீயரிடம் போய், ராடு கொடுக்கிற வேலையாவது கொடுங்கள் என்று கேட்டேன். ஓவன் சாவியைக் கொடுத்திருக்கிறார்கள். என்னால் பிளந்த ஒன்பதும் மூடுகிற வரை இந்த இடத்தை விட்டு என் கால் நகராது. அதை அப்படியே விட்டுவிட்டு வந்து உங்கள் பக்கத்தில் எப்படிப் படுப்பேன்?

மே மாதம். எட்டு மாதம் இன்னும். நான் இல்லாதது பழகிவிடும் என்று நீங்கள் பயந்தது எனக்கு மனப்பாடம். அது தெரிந்தேதான் இங்கேயே இருக்கிறேன் என்கிறேன். "அப்ப அங்கேயே இரு" என்று மறுபடி சொன்னீர்களானால் அதையும் கேட்டுக்கொள்கிறேன்.


அக்டோபர் 17

முத்திரைக்காரிக்கு,

அதைப் பறித்துக்கொண்டாலும் எனக்கு நீ அதுதான்.

உன் கடிதத்தைப் படித்ததும் வந்தது கோபம்தான். உலை திரும்பக் கிடைத்த சந்தோஷம்கூட வரவில்லை. நீ வரப்போகிறாய் என்று நினைத்து வீடு பூராவும் வெள்ளையடித்து வைத்திருந்தேன். குழாயைச் சரிசெய்தேன், ஜன்னலுக்குத் திரை வாங்கினேன். மே மாதம் என்று பார்த்ததும் அந்தத் திரையைக் கழற்றிச் சுருட்டி மூலையில் போட்டுவிட்டேன். அக்டோபரிலிருந்து மே எட்டு மாதம் இல்லை, ஏழு. கணக்குகூடத் தப்பாகப் போட்டிருக்கிறாய் என்று சுவரைப் பார்த்துக் கத்தினேன்.

அப்புறம் யோசித்தேன். பழுது பார்க்கிற சமயம் மில் தரப்பில் ஓர் ஆள் சாட்சியாக அங்கே இருக்க வேண்டும் என்று குழு எழுதியிருக்கிறது. மேனேஜரிடம் போய் என்னை அனுப்புங்கள் என்று கேட்டேன். "நல்லாருக்கே! சம்சாரம் செஞ்ச தப்பை மேற்பார்வை பாக்கப் புருஷனா? எவனாவது நம்புவானா? நீங்க சாட்சியாப் போக முடியாது" என்றார். வேறொருவரை அனுப்பப் போகிறார்கள், நம் சுத்தியல்காரரைத்தான். மனுஷன் ஜம்பமாகப் பெட்டி வாங்கிவிட்டார்.

எனக்கு இருநூற்றைம்பது நாள் லீவு தேங்கிக் கிடக்கிறது. பத்தொன்பது வருஷமாக எடுக்காதது. கல்யாணத்துக்கு முன்னால் தேவைப்படவில்லை, அதற்குப் பிறகு நீ இல்லாத வீட்டில் லீவு போட்டு என்ன செய்வது என்று எடுக்கவில்லை. மேனேஜர் மேசையிலேயே விண்ணப்பம் எழுதினேன். "ஏழு மாசமா? எதுக்கு?" என்று கேட்டார். "சாட்சியா வேணாம்னுட்டீங்க. சரி, புருஷனாப் போறேன்" என்றேன். பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

உன் ஒன்பது இணைப்பையும் நான் தொடமாட்டேன், யோசனையும் சொல்லமாட்டேன், சொன்னால் வெளியே தள்ளு. நீ ஓவனைப் பூட்டிவிட்டு வரும்போது அறையில் ஆள் இருக்கும், அவ்வளவுதான் என் வேலை.

அடுத்த வியாழக்கிழமை காலை வண்டியில் வந்து இறங்குகிறேன். இனி இந்த முகவரிக்கு எழுதாதே. வாங்க ஆள் இருக்காது.

உலைக்காரன்